எழுத்தில் கிடைத்த அக்கா

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 34. பிறந்த ஊர் கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணத்துக்குப் பிறகு ஓசூர். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார்.

போன ஆடியில் அம்மா காலமாகிவிட்டார். தினமும் காலை 11 மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வரும். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். இன்றைக்கு என்ன குழம்பு, குழந்தை சாப்பிட்டாளா, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது, இவ்வளவுதான். இப்போதும் அந்த நேரமானால் கை தானாகப் போனை எடுக்கிறது. வீட்டில் அம்மா பேச்சை எடுத்தால் 'இன்னுமா அதையே நினைச்சுட்டிருக்க' என்கிறார்கள். அதனால் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

ஒரு நாள் மனசு தாங்காமல், கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழிக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். நோட்டில் எழுதினால் நாலு பக்கம் வரும். மறுநாள் மத்தியானம் 'ஸ்ட்ராங்கா இருடி' என்று ஒரு வரி, கூடவே கைகூப்பும் படம். அதற்குப் பிறகு அவளோடு நான் பேசவே இல்லை.

பிறகு பெரியம்மா மகள் மூலமாக நாகர்கோவிலில் ஓர் அக்காவின் பழக்கம் கிடைத்தது. அவருக்கும் அம்மா இல்லை. நான் எழுதியதைப் படித்துவிட்டு, 'அம்மா புடவை ஏதாவது வச்சிருக்கீங்களா? நான் ஒண்ணு இன்னும் துவைக்காம வச்சிருக்கேன்' என்று பதில் போட்டார். அன்றைக்கு அழுத பிறகுதான் நெஞ்சு லேசானது. இப்போது ராத்திரிதோறும் அவருக்கு எழுதுகிறேன். நேரில் பார்த்ததில்லை. கொஞ்ச நாளாக அவருடைய பதில் தாமதமாகத்தான் வருகிறது; சில நாள் வருவதே இல்லை. நீல டிக் விழுந்ததா என்று நடுராத்திரியில் எழுந்து பார்க்கிறேன்.

இதற்கிடையில் மாமியார் என் நோட்டை எடுத்துக் கணவரிடம் காட்டிவிட்டார். 'முகம் தெரியாத ஒருத்திகிட்ட மனசுல இருக்கறதை எல்லாம் சொல்றியா' என்று கணவர் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, வருத்தத்தில்தான்.

இது நட்புதானா? எழுதுவதை நிறுத்திவிட வேண்டுமா? இந்த ஊரில் எனக்கென்று ஒருவர் கிடைப்பாரா?

– ஒரு வாசகி, ஓசூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நட்புதான், அதில் சந்தேகமே வேண்டாம். புடவையைப் பற்றி அப்படிக் கேட்க, அதே இழப்பைக் கண்டவரால்தான் முடியும். எழுதுவதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் அம்மா இருந்த இடம், பழைய தோழி இருந்த இடம், கணவர் இருக்க வேண்டிய இடம் மூன்றையும் அந்த ஒரு அக்காவின் மேல் வைத்திருக்கிறீர்கள். நடுராத்திரியில் உங்களை எழுப்புவது அதுதான். அதைப் பிரித்து வைக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் நோட்டு. நமக்காக எழுதுவது வேறு, இன்னொருவர் படிப்பதற்காக எழுதுவது வேறு. இரண்டும் உங்களிடம் கலந்துவிட்டன. மனதில் உள்ளதை எழுதினால் உடம்புக்கும் நல்லது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் ஓர் ஆய்வில் காட்டினார். கல்லூரி மாணவர்கள் அடுத்தடுத்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் உலுக்கிய சம்பவத்தை எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போனது என்பதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. படுக்கப் போகும் முன் எழுதினால் அதனால் தூக்கம் கெடலாம்.

ஆகவே நேரத்தை மாற்றுங்கள். மகள் பள்ளிக்குப் போன பிறகு போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள், அடித்துத் திருத்தாதீர்கள், பேனாவை நிறுத்தாதீர்கள். 4 நாள் தொடர்ந்து எழுதிவிட்டுச் சில நாள் விடுங்கள். முதல் இரண்டு நாள் நடந்ததும் வலித்ததும் அப்படியே வரட்டும். மூன்றாம் நாளிலிருந்து 'ஏன்', 'அதனால்தான்', 'இப்போது புரிகிறது' என்று வாக்கியங்கள் நகர்கின்றனவா என்று பாருங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அது எழுத்தாக இல்லாமல், காயத்தைக் கிளறுவதாகிவிடும். அப்போது 'நான்' என்பதை விட்டு 'அவள்' என்று எழுதிப் பாருங்கள். அல்லது அம்மா உங்களுக்கு எழுதும் கடிதமாக எழுதுங்கள். பார்வை ஒரு அடி தள்ளி நின்றால் போதும், எழுத்து மேலே நகரும். எழுதும்போது மூச்சு முட்டினால், கை நடுங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

எழுதிய தாளைப் பத்திரப்படுத்தியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எழுதும்போதே பலன் கிடைத்துவிடுகிறது. தனித் தாளில் எழுதி, படித்துக் கிழித்துப் போட்டால் மாமியார் கையில் கிடைக்கும் பயமும் போகும். பிடித்த பக்கங்களை மட்டும் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள்.

இனி, தோழி. நாலு பக்கக் கடிதம் கையில் வந்ததும் பலருக்குச் செய்வதறியாமல் போகும். எதற்குப் பதில் சொல்வது, தவறாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற தயக்கத்தில்தான் 'ஸ்ட்ராங்கா இரு' பிறக்கிறது. அதை அலட்சியம் என்று முடிவு கட்டாதீர்கள். பிடித்துக்கொள்ள ஒரு நுனியை நீங்கள் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சம்பவம், பத்து வரிக்குள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி. அவளைப் பற்றி ஒரு கேள்வி. இப்படி எழுதலாம்:

'11 மணி ஆனா அம்மா போன் வரும்னு இன்னும் தோணுதுடி. நீ ஒண்ணும் ஆறுதல் சொல்ல வேண்டாம். நம்ம ஹாஸ்டலுக்கு அம்மா வந்தப்ப உனக்கு ஞாபகம் இருக்கறதைச் சொல்லு, போதும். உன் பையன் எப்படி இருக்கான்?'

இதற்குப் பதில் எழுத அவளால் முடியும். உங்கள் அம்மாவைக் கண்ணால் பார்த்தவள் அவள். நாகர்கோவில் அக்காவால் தர முடியாத ஒன்று அவளிடம் இருக்கிறது. அப்படியும் பதில் வராவிட்டால் பத்துப் பதினைந்து நாள் விட்டு ஒரு முறை போனில் கூப்பிடுங்கள். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

நாகர்கோவில் அக்காவின் விஷயத்துக்கு வருவோம். எழுத்தில் வளரும் நெருக்கத்துக்கு ஒரு வேகம் உண்டு. ஜோசப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996-இல் இதை விளக்கினார். எழுதுகிறவர் யோசித்து, திருத்தி, தன் நல்ல பக்கத்தைத் தருகிறார். படிக்கிறவர் தெரியாத இடங்களைத் தன் ஆசையால் நிரப்பிக்கொள்கிறார். நேரில் பழகுவதைவிட எழுத்தில் சில சமயம் நெருக்கம் கூடுவது இதனால்தான். அந்த உணர்வு பொய்யில்லை. ஆனால் அவர் ஒரு நாள் சலித்துப்போவார், அவர் வீட்டிலும் காய்ச்சல் வரும், வேலைப் பளு இருக்கும் என்பதெல்லாம் எழுத்தில் தெரிவதில்லை. அதனால் மௌனம் வந்ததும் மனம் மிக மோசமான காரணத்தையே எடுத்துக்கொள்கிறது.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் இருவர் உரையாடலையும் கடந்த ஒரு மாதத்துக்கு மேலே தள்ளிப் பாருங்கள். அவர் எழுதியது எவ்வளவு, நீங்கள் எழுதியது எவ்வளவு, அவருடைய அம்மாவைப் பற்றி நீங்கள் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். உங்கள் பக்கமே நிறைந்திருந்தால், அவர் களைத்திருக்க வாய்ப்பு உண்டு. அவரும் துக்கத்தில் இருக்கிறவர். தினமும் ராத்திரி இன்னொருவரின் துக்கத்தைப் படிப்பது அவருடைய ஆறாத புண்ணைத் தொடும். கொடுத்ததும் வாங்கியதும் ஏறக்குறையச் சமமாக, படிப்படியாக ஆழமாகும்போதுதான் நெருக்கம் நிலைக்கிறது. ஆர்தர் ஆரன் குழுவினர் 1997-இல் முன்பின் அறியாத இருவரை 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொல்ல வைத்தபோதும், முதல் கேள்விகள் மேலோட்டமாகவும் கடைசிக் கேள்விகள் அந்தரங்கமாகவும் இருக்கும்படிதான் அமைத்தார்கள்.

அவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள்: 'அக்கா, நான் தினமும் எழுதறது உங்களுக்குப் பாரமா இருக்கா? வாரத்துக்கு ஒரு தடவை எழுதிக்கலாமா? பதில் போட முடியலேன்னா ஒரு புள்ளி மட்டும் வச்சாப் போதும்.' வாரம் ஒரு கடிதம் என்று வைத்தால் எழுதுவதற்கும் யோசிப்பதற்கும் இருவருக்கும் இடம் கிடைக்கும். ராத்திரி எழுதியதை அப்போதே அனுப்பாதீர்கள். காலையில் ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள். அடுத்து ஒரு நாள் போனில் பேசுங்கள், பிறகு வீடியோவில். முடிந்தால் விடுமுறையில் பெரியம்மா மகளோடு போய் ஒரு முறை பாருங்கள். வாட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்பில் நீல டிக்கை அணைத்துவிடலாம். நீங்கள் அணைத்தால் அவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. முதல் சில நாள் தவிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அக்கா உறவினர் மூலம் வந்தவர் என்பதால் எனக்குக் கவலை இல்லை. எழுத்தில் மட்டுமே அறிமுகமாகும் வேறு யாரிடமும் மகளின் பள்ளிப் பெயர், வீட்டு விலாசம், கணவரின் ஷிஃப்ட் நேரம் ஆகியவற்றை எழுதாதீர்கள். பணம் கேட்டாலோ, 'இதை யாரிடமும் சொல்லாதே' என்றாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கணவரின் கேள்வியைச் சந்தேகம் என்று நான் படிக்கவில்லை. தன்னிடம் சொல்லவில்லையே என்ற ஏக்கம் அதில் தெரிகிறது. 'இன்னுமா நினைக்கிற' என்று சொல்கிறவர்களில் பலருக்கு, நாம் அழுவதைப் பார்க்கத் தாங்காது; பேச்சை மாற்றினால் அழுகை நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அவருக்குக் காலை ஷிஃப்ட் இருக்கும் வாரத்தில், மாலையில் மொட்டை மாடியில் கால் மணி நேரம் கேளுங்கள். நோட்டில் அம்மாவைப் பற்றிய ஒரு பக்கத்தை, உங்களுக்கு இஷ்டமானதை, நீங்களே வாசித்துக் காட்டுங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 'நீங்க ஒண்ணும் சரி பண்ண வேண்டாம், கேட்டாப் போதும்.' அக்காவோடு ஒரு நாள் அவரையும் இரண்டு வார்த்தை பேச வையுங்கள். முகம் தெரியாதவர் என்ற நெருடல் அதிலேயே பாதி குறையும். மாமியாரிடம் சண்டை வேண்டாம். 'அத்தை, அது அம்மாவுக்கு நான் எழுதற கடிதம். இனிமே எடுக்காதீங்க' என்று ஒரே ஒரு முறை, நிதானமாகச் சொல்லுங்கள்.

ஓசூரில் ஆள் கிடைக்குமா என்றால், கிடைக்கும், நேரம் பிடிக்கும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகம் சாதாரணச் சிநேகிதமாவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. வாரத்தில் 5 நாள் அரை மணி நேரம் என்றால் 50 மணிக்கு 20 வாரம். இரண்டு மாதத்தில் யாரும் ஒட்டவில்லையே என்று முடிவு செய்துவிடாதீர்கள். வாராவாரம் அதே முகங்களைப் பார்க்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்: பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள், தையல் வகுப்பு, பொது நூலகத்தில் வாசகர் வட்டம் நடந்தால் அது. தெருவில் பாதிப் பேர் தெலுங்கோ கன்னடமோ பேசினாலும், குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேச அரைகுறைத் தமிழே போதும். 11 மணிக்கு ஒருவரோடு காய்கறி வாங்கப் போகும் பழக்கம் வந்தால் இன்னும் நல்லது. அங்கே அம்மாவின் மரணத்தில் தொடங்காதீர்கள். குழம்பிலும் கன்றுக்குட்டியிலும் தொடங்குங்கள். அம்மாவோடு அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தீர்கள்.

கடைசியாக உடம்பைப் பற்றி. ஓர் ஆண்டு கடந்தும் அனேகமாகத் தினமும் ஏக்கம் அப்படியே அழுத்துவது, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெடுவது, குழந்தையைக் கவனிக்கவே முடியாமல் போவது, அம்மாவோடு போய்விடலாம் என்று தோன்றுவது, இவற்றில் எது இருந்தாலும் எழுத்தும் நட்பும் மட்டும் போதாது. கடைசியாகச் சொன்னது ஒரு முறை தோன்றினாலும் காத்திருக்காமல் அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் போவதென்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் பக்கம்தான். போகும்போது தூங்கிய நேரம், சாப்பிட்ட அளவு, அழுத நேரம் ஆகியவற்றை ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரு வரி குறித்து எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.