தார் மாதிரி மலம்: முதுகுவலியை விட இதுதான் அவசரம்

முதுகுவலி பற்றிய உங்கள் நீண்ட கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'பத்து நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போகிறது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல.' சாப்பாடு அல்ல. மலத்தைக் கறுப்பாக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் எடுக்கவில்லை என்கிறீர்கள். எட்டு மாதமாக மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி, தினம் இரண்டு வேளை போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையால் இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வயிறு வலிக்கவில்லையே என்பீர்கள். வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு வலியே காட்டாமல் புண் வருவது சகஜம். சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாகப் போட்டாலும் தப்ப முடியாது. மருந்து ரத்தத்தில் கலந்துபோய், இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியும் தேவைப்படலாம். எழுந்தால் தலை சுற்றுகிறது, ரத்தமாகவோ காபித்தூள் நிறத்திலோ வாந்தி வருகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, நீங்கள் கேட்க வந்த விஷயம். முதுகுவலிக்கு மருத்துவர் எழுதிய அமிட்ரிப்டிலின் 10 மி.கி. மாத்திரையை இணையத்தில் தேடி, 'மனச்சோர்வு மருந்து' என்று படித்ததும் இரண்டே நாளில் நிறுத்திவிட்டீர்கள். 'என் வலி பொய் என்று நினைக்கிறாரோ?' என்று கேட்கிறீர்கள். இல்லவே இல்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே உஷாராகிவிடும்; லேசான அசைவையும் வலியாக மூளைக்குச் சொல்லும். அதை மட்டுப்படுத்தத்தான் இந்த மருந்து. மனச்சோர்வுக்கு இதே மருந்தைப் பல மடங்கு கூடுதலாகத் தருவார்கள், 10 மி.கி. அதற்குப் போதவே போதாது. வாய் உலரும், காலையில் தூக்கம் கண்ணைக் கட்டும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். அடிமையாக்குமா? ஆக்காது. ஆனால் கண் அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தால் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அதுவும் இந்த ரத்தக் கசிவுக்கு ஒரு முடிவு தெரிந்த பிறகு.

ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு) பிதுக்கமா? வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில்கூடப் பத்தில் ஆறு பேருக்கு அது தெரியும். அதற்காக நடையை நிறுத்திப் படுத்தே கிடப்பதுதான் தப்பு. நீங்கள் எழுதியிருக்கும் கழுத்துச் சொடக்கையும் குளிரில் கூடும் வலியையும் விட்டுத் தள்ளுங்கள்.

கிளம்பும்போது, போட்டுவரும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ கொடுத்த அந்தப் 'பக்கவிளைவே இல்லாத' வலிப்பொடியையும்தான். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. டைக்ளோஃபினாக்கோடு அது சேர்ந்தால் புண் ஆபத்து இன்னும் கூடும்.