மண் தாங்காததைக் கம்பி தாங்கட்டும்

அன்புள்ள அக்கா,

ஊவாவில், பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். களிமண்ணில் தோடும் பதக்கமும் செய்து, பித்தளைக் கம்பி, நூல், மரமணி சேர்த்துக் கோத்து விற்கிறேன். ஆகஸ்ட் மாதம் செய்தவை வீட்டு முன் இஸ்தோப்பில் காயும்போதே ஓரம் வெடித்தன. தப்பியவை மரத்தூள் நெருப்பில் சிதறிப்போயின. பொலிமர் களிமண்ணுக்கு மாறச் சொல்கிறார்கள். கண்காட்சியில் ஒருவர், கம்பியும் நூலும் கலந்தால் அது மண் வேலையே இல்லை என்றார். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

கண்காட்சியில் கேட்டதுதான் உங்களை அதிகம் வருத்தியிருக்கிறது என்று தெரிகிறது. அந்தப் பேச்சை விட்டுத்தள்ளுங்கள். சுட்ட மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பதக்கத்தின் விளிம்பை ஒட்டித் துளையிட்டால், என்றைக்கானாலும் அந்த இடத்தில்தான் உடையும். தொங்கும் பாரத்தைக் கம்பி ஏற்கட்டும், அசைவை நூல் ஏற்கட்டும். உருவமும் நிறமும் மண்ணுக்கு. இப்படி வேலை பிரித்துக் கொடுத்த நகையில் கலப்படம் எங்கே இருக்கிறது? காரணமில்லாமல் மணியை ஒட்டிவைத்தால் மட்டும் அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

ஓரம் வெடித்ததற்கும் நெருப்பில் சிதறியதற்கும் காரணம் வேறு வேறு. ஜூலை முதல் செப்டம்பர் வரை உங்கள் பக்கம் அடிக்கிற காய்ந்த காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தைத் தருகிறது. அதே காற்று உங்கள் தோட்டின் விளிம்பை நடுப்பகுதிக்கு முன்னால் காயவைத்துவிடும். காய்கிற மண் சுருங்கும். ஓரம் சுருங்க, நடு இடங்கொடாமல் நிற்க, விரிசல் விழுகிறது. இஸ்தோப்பில் வைக்காதீர்கள். காம்பராவுக்குள் பலகையில் பரப்பி, மேலே பொலித்தீனைத் தளர்வாகப் போட்டு, அடிக்கடி புரட்டிவிடுங்கள். காய்ந்து சுட்டு முடிவதற்குள் நூற்றுக்கு 10 பங்கு அளவுக்குச் சுருங்குவது சாதாரணம். துளையும் சேர்ந்தே சுருங்கும், அதனால் கம்பியின் தடிப்பைவிடப் பெரிதாகவே போடுங்கள்.

நெருப்பில் சிதறியவை உள்ளே ஈரமாக இருந்தவை. 100 பாகை செல்சியஸ் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளக்கிறது. காய்ந்ததென்று நினைக்கும் துண்டைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிறகும் நேரே நெருப்பில் போடாமல், அடுப்புக்குப் பக்கத்தில் இரவு முழுக்க இளஞ்சூட்டில் வையுங்கள். சுட்டு முடிந்ததும் அவசரப்பட்டுக் கிளறாதீர்கள். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 பாகையில் திடீரென அளவு மாறும், ஏறும்போதும் இறங்கும்போதும். மலைக்காற்று பட்டுச் சட்டென்று குளிர்ந்தால் கீறல் விடும். சாம்பலுக்குள்ளேயே தானாக ஆறட்டும். ஆறிய ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். கரைந்தால் சூடு போதவில்லை.

பொலிமர் களிமண் என்பது பிளாஸ்ட்டிக். 130 பாகை அளவில் போறணையில் இறுகும், மட்பாண்டமாக மாறாது. அதில் அழகான வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், தவறொன்றுமில்லை. ஆனால் அதைச் சுட்ட மண் என்று சொல்லி விற்கக் கூடாது. வாங்குகிறவருக்குப் பெயரைச் சொல்லியே கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கொழுந்து வடிவ அச்சு கடையில் கிடைக்கிறது, வாங்காதீர்கள். மலையிலிருந்து ஒரு தேயிலை இலையைப் பறித்து, நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கத்தை ஈர மண்ணில் அழுத்துங்கள். ஓரத்து அரம் போன்ற பற்கள்கூட விழும். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கையும் அழுத்திப் பாருங்கள், அந்த நெசவு தோட்டுக்கு மிக நன்றாக வரும். காதுக்குள் போகும் கொக்கியை மட்டும் நிக்கல் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். பலருக்கு நிக்கல் பட்டால் காது புண்ணாகிவிடும்.

அன்புடன்,
அக்கா