அபராதம் கட்டியாச்சு, அப்புறம் லைசென்ஸ் எதற்கு?

கேள்வி: 14 வருஷமாகச் சென்னையில் ஆக்டிங் டிரைவராக இருக்கிறேன். இதுவரை ஒரு விபத்துகூடக் கிடையாது. போன மாதம் ஓனர் குடும்பத்தை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டில் விட மெரினா காமராஜர் சாலை வழியாக வந்தேன். ராத்திரி 11.20 மணி, ரோட்டில் ஆளே இல்லை. 60 போக வேண்டிய இடத்தில் 94 போனதாக கேமராவில் பதிவாகி, ஓனர் பெயருக்கு சலான் வந்தது. அவர் 1,000 ரூபாய் கட்டி, என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். யார் ஓட்டியது என்று கேட்டதற்கு என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து, உரிமத்தை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். ஒரு தப்புக்கு ரெண்டு தண்டனையா? ஓட்டினால்தான் எனக்குச் சோறு. நோட்டீசைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? மூணு மாசம் சத்தமில்லாமல் ஓட்டினால் மாட்டுவேனா?
– பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உரிமத்தை நிறுத்தும் ஆணை வந்த பிறகு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். தகுதியிழப்புக் காலத்தில், அதாவது உரிமம் நின்றிருக்கும் நாட்களில், வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-வது பிரிவுப்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். தகுதியிழந்த ஒருவர் ஓட்டினார் என்பது, இன்சூரன்ஸ் கம்பெனி தன் பொறுப்பை மறுக்க 150-வது பிரிவே தரும் காரணம். அந்த மூன்று மாதத்தில் யாருக்காவது அடிபட்டால், லட்சக்கணக்கில் வரும் இழப்பீடு உங்கள் தலையிலும் ஓனர் தலையிலும் விழும். உரிம எண்ணைக் கணினியில் தட்டினாலே அது நிறுத்திவைக்கப்பட்டிருப்பது போலீசாருக்குத் தெரிந்துவிடும்.

நோட்டீசைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதே அளவுக்குத் தவறு. பதில் வரவில்லை என்று கோப்பில் எழுதிவிட்டு, உங்கள் தரப்பைக் கேட்காமலே ஆணை போடுவார்கள். சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஒரே நல்ல வாய்ப்பு அந்த விசாரணைதான். அதை நீங்களே தொலைத்துவிடாதீர்கள்.

ஒரு தப்புக்கு இரண்டு தண்டனையா என்ற கேள்வி நியாயமானது. 2019 திருத்தத்துக்கு முன்பு இதை வாதமாக வைக்க இடம் இருந்தது. சமரசக் கட்டணம், அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் குற்றத்தை முடித்துக்கொள்ளும் பணம், கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்கு மேல் நடவடிக்கை கூடாது என்பதுதான் 200-வது பிரிவு. 2019-ல் அதே பிரிவில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தார்கள். பணம் கட்டினாலும் போலீஸ் உரிமத்தைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பும் 206(4) நடவடிக்கையிலிருந்தும், ஓட்டுநருக்கான புத்தாக்கப் பயிற்சி வகுப்பிலிருந்தும் விடுதலை கிடையாது. அடுத்த முறை மாட்டினால் இது முதல் குற்றமாகக் கணக்கில் சேரும். ஆகவே "அதான் கட்டிட்டேனே" என்று விசாரணையில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது நோட்டீசைக் கையில் எடுத்து, எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் பாதி முடிவு அதில் இருக்கிறது.

19(1A) என்று இருந்தால், முதல் குற்றத்துக்கு மூன்று மாதம், இரண்டாவது முறை என்றால் உரிமமே ரத்து. நடுவில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று குறைக்க வழியில்லை. ஆனால் உங்களை அறவே விடுவிக்கும் அதிகாரமும் அதே பிரிவில் இருக்கிறது. தடை போடுவதானால் விரிவான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்தப் பிரிவு, போலீஸ் உரிமத்தைக் கைப்பற்றி 206(4)-ன்படி அனுப்பிய வழக்குகளுக்கானது. உங்கள் கார்டை யாரும் வாங்கவில்லை, கேமரா சலான் மட்டும்தான் வந்தது என்றால் அதைப் பதிலில் குறிப்பிடுங்கள். இன்னொரு இடமும் உங்களுக்குச் சாதகமானது. வேகத்துக்கான 183-வது பிரிவு, இரண்டாவது குற்றத்திலிருந்துதான் உரிமத்தைக் கைப்பற்றச் சொல்கிறது. 206(4) அப்படிப் பிரித்துப் பார்க்காமல் 183 முழுவதையும் சேர்த்துக்கொள்கிறது. இது முதல் முறை என்பதை இந்த முரணோடு சேர்த்து எழுதுங்கள்.

19(1)(f) என்று இருந்தால் விஷயம் வேறு. பொதுமக்களுக்கு ஆபத்தான செயல்கள் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 21 தரும் பட்டியலில் வேக வரம்பை மீறுவதும் ஒன்று. இந்தப் பிரிவில் காலத்தை அதிகாரிதான் முடிவுசெய்கிறார். ஆனாலும் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே, அதிவேகம், சிவப்பு விளக்கை மதிக்காமல் போவது, குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டும்போது செல்போன் போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தச் சொல்லிவிட்டது. அதனால் மூன்றுக்குக் கீழே இறங்க அதிகாரிகள் தயங்குவார்கள்.

நோட்டீசில் கையெழுத்துப் போட்டது யார் என்றும் பாருங்கள். உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் உரிமம் வழங்கும் அலுவலருக்குத்தான். போலீஸ் கைப்பற்றி அனுப்பலாம், அவ்வளவே. 30 கி.மீ. வரம்புள்ள கொல்கத்தா சாலையில் வேகமாகப் போனவரின் உரிமத்தைப் போக்குவரத்து உதவி கமிஷனரே 90 நாள் நிறுத்தியபோது, 2022-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்தே வந்திருப்பதால் அந்தக் குறை இருக்காது.

அடுத்தது ஆதாரம். ஒருவர் பார்த்து "வேகமாகப் போனார்" என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது, கருவியின் அளவு வேண்டும் என்பது 183(3). அந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை 2021 ஆகஸ்டில் வந்த விதி 167ஏ சொல்கிறது. கருவிக்குச் செல்லுபடியாகும் ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் பகுதிக்கு முன்னால் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வேண்டும். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படம், அளவிட்ட வேகம், தேதி, நேரம், இடம், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் எல்லாம் வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். ஓனரின் போனுக்கு வந்த முதல் எஸ்.எம்.எஸ். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமரா 8-ஐ B என்றும், 0-ஐ D என்றும் தவறாகப் படிப்பது உண்டு. வண்டியின் நிறம், மாடல், பம்பரில் உள்ள கீறல் உங்கள் ஓனர் வண்டிதானா? படத்தில் பக்கத்தில் இன்னொரு வண்டி ஓடுகிறதா? ரேடார் என்றால் பக்கத்து வண்டியின் வேகம் உங்கள் கணக்கில் விழ வாய்ப்பு உண்டு. சாய்வான கோணத்திலிருந்து அளந்தார்கள் என்ற வாதத்தை மட்டும் எடுக்காதீர்கள். நிலையாக இருக்கும் ரேடாரில் கோணம் கூடினால் வேகம் குறைவாகத்தான் காட்டும். அது உங்களுக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை. "என் மீட்டரில் 80தான் இருந்தது" என்பதும், வேறு ஆதாரம் இல்லாவிட்டால் நிற்காது. செல்போன் மேப்பில் அன்றைய பயணப் பதிவு இருந்தால் அழிந்துபோகும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் அதிலும் 90-க்கு மேல் காட்டினால் ஆதாரத்தை எதிர்த்து வாதாடாதீர்கள்.

ரோட்டில் ஆளே இல்லை என்கிறீர்கள். காமராஜர் சாலையில் ராத்திரி 11.20-க்கு மணல் பக்கமிருந்து கடையைக் கட்டிவிட்டு வரும் சுண்டல் வியாபாரியோ, கடைசி பஸ்ஸுக்கு ஓடும் குடும்பமோ சாலையைக் கடப்பது அந்த வழியில் தினமும் போகிற உங்களுக்குத் தெரியாததல்ல. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே ஒருவர் திடீரென்று இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி. 60-ல் போனால் அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடியிருக்கும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக்கில் இன்னும் 20 மீட்டர். ஆக 45 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 94-ல் அந்த ஒன்றரை விநாடியிலேயே 39 மீட்டர் போய்விடும். 60-ல் வந்த வண்டி முழுதாக நின்ற அந்த இடத்தைக் கடக்கும்போது, நீங்கள் பிரேக் மிதித்து ஆறு மீட்டர்கூட ஆகியிருக்காது, வேகம் இன்னும் 88 இருக்கும். நிற்க உங்களுக்கு வேண்டியது மொத்தம் 88 மீட்டர். 34 கி.மீ. கூடுதல் என்று சலானில் சின்னதாகத் தெரிவது சாலையில் இதுதான். அதனால்தான் வெறும் அபராதம் போதாது, உரிமத்தைத் தொடுவது நியாயம் என்கிறோம். 1,000 ரூபாயைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், வேறு ஒருவரே கட்டிவிடலாம். ஓட்டாமல் இருப்பதை உங்களுக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு என்பது நியாயமில்லை. நம் சட்டத்தில் 66-ல் போனவருக்கும் 130-ல் போனவருக்கும் அதே மூன்று மாதம். ஜெர்மனியில் ஊருக்குள் வரம்பைவிட 31 கி.மீ. தாண்டினால்தான் முதல் ஒரு மாதத் தடை தொடங்குகிறது, வேகம் கூடக்கூடத் தடையும் நீள்கிறது. முந்தைய இரண்டு வருடத்தில் தடை எதுவும் இல்லாதவர், நான்கு மாதத்துக்குள் தனக்கு ஏற்ற நாளில் உரிமத்தை ஒப்படைக்கலாம். விடுமுறையில் அதைக் கழித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார். இங்கே அப்படி வழியில்லை. உங்கள் ஓனரின் உரிமம் நின்றிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவார். ஆக்டிங் டிரைவரின் உரிமமே நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. பிழைப்புக்காக ஓட்டுபவருக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் இன்றைய சட்டத்தில் அது இல்லை. ஆகவே பிழைப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள், அதையே முழு வாதமாக ஆக்கிவிடாதீர்கள்.

பதிலில் என்ன எழுத வேண்டும்? உரிம எண், முதலில் வழங்கிய தேதி, நோட்டீஸ் எண். 14 வருடத்தில் இது முதல் முறை என்பது. படம், கருவியின் சான்று, மின்னணு ஆதாரச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை விசாரணைக்கு முன் தரும்படி வேண்டுகோள். நேரில் விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கை. புத்தாக்கப் பயிற்சியை இப்போதே முடித்துத் தரத் தயார் என்ற உறுதி. இதோடு பலரும் தவறவிடும் ஒன்று: தடை எல்லா வகை வாகனத்துக்கும் போட வேண்டும் என்பதில்லை. எல்லா வகைக்கும் அல்லது ஏதாவது ஒரு வகைக்கு என்றுதான் பிரிவு சொல்கிறது. உங்கள் உரிமத்தில் இருசக்கர வாகனமும் இருந்தால், தடையைக் கார் வகைக்கு மட்டும் நிறுத்திக்கொள்ளும்படி கேளுங்கள். கிடைத்தால் மூன்று மாதமும் பைக்கில் டெலிவரி வேலைக்காவது போகலாம். கேட்காமல் விட்டால் பைக்கும் சேர்ந்தே நின்றுவிடும், ஆணையைப் படிக்காமல் பைக்கில் போய் மாட்டுபவர்கள் உண்டு. கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஓனர் மேல் கோபப்படாதீர்கள். யார் ஓட்டினார் என்று கேட்டால் சொல்வது 133-வது பிரிவுப்படி அவர் கடமை. ஆனால் அன்று "சீக்கிரம் வா" என்று அவரே விரட்டியிருந்தால், வேகமாக ஓட்டவைத்த முதலாளியும் 183-ல் குற்றவாளிதான். அப்படி வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதையும் பதிலோடு இணையுங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள்.

ஆணை பாதகமாக வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்படிச் செய்தாலும் தடை தானாக நின்றுவிடாது, இடைக்கால நிறுத்தத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். படம் தெளிவாக இருந்து, வேகமும் உண்மையானால், வக்கீல் செலவில் இறங்குவதைவிடத் தடையைச் சீக்கிரம் தொடங்கி முடிப்பதே உங்களுக்கு லாபம் என்பது எங்கள் எண்ணம். ஆணை வந்ததும் கார்டை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். புத்தாக்கப் பயிற்சியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அதை முடித்த சான்று இல்லாமல், மூன்று மாதம் முடிந்தாலும் உரிமம் திரும்ப வராது. கார்டு கைக்கு வந்த பிறகும், வாகன, உரிம விவரங்களுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் உரிம நிலை மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஓனருக்குப் போன் செய்யுங்கள்.