சுவரில் தொங்கும் பழைய படங்களும் ஊருக்குப் புதியவரும்

அன்புள்ள தம்பிக்கு,

அயோவாவின் சிற்றூர் ஒன்றுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமாகிறது என்றும், நூலகத்திலும் காபிக் கடையிலும் சுவர் முழுக்க மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஊருக்கும் நமக்கும் என்ன ஒட்டு என்று தோன்றுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று அடையாளம் காண ஊர் வரலாற்றுச் சங்கம் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அழைத்திருக்கிறது. ஒருவரையும் அறியாத நான் அங்கே போய் என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி. அவசியம் போங்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசும்போது பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். ஒன்றும் தெரியாத ஒருவர் வந்து கேட்டால்தான் முழுக் கதையும் வெளியே வரும்.

2003இல் ஓஹையோவில் எங்கள் ஊரில் அப்படியொரு கூட்டத்துக்கு நானும் தயங்கித் தயங்கித்தான் போனேன். மேசை மீது கொட்டிக் கிடந்த படங்களில் ஒன்று 1954ஆம் ஆண்டுத் தேவாலய விருந்து. நீண்ட மேசைக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் கையிலிருந்த கண்ணாடிப் பாத்திரம் சற்றுச் சாய்ந்திருந்ததால் அதன் அடியில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவும் அதில் ஏதோ எழுதியிருப்பதும் தெரிந்தன. அது என்ன என்று பக்கத்தில் இருந்த எண்பது வயது கடந்த அம்மையாரிடம் கேட்டேன். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் பாத்திரம் மாறிப் போகாமல் இருக்க வீட்டுப் பெயரை எழுதி ஒட்டுவார்கள் என்று தொடங்கியவர், யார் வீட்டுப் பாத்திரம் முதலில் காலியாகும், யாருடையது தொடாமல் திரும்பும் என்பது வரை ஒரு மணி நேரம் சொன்னார். எங்கள் நாட்டில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயரையே வெட்டிவிடுவோம் என்றேன். அடுத்த விருந்துக்கு என் அம்மாவின் பெயர் வெட்டிய தூக்கில் புளியோதரை கொண்டுபோனபோது, அந்தப் புள்ளி எழுத்துகளை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆளை அடையாளம் காட்ட முடியாவிட்டாலும் காலத்தைக் கணிக்க நீங்கள் உதவலாம். ஒரு பூதக்கண்ணாடி எடுத்துச் செல்லுங்கள். காரின் எண் தகட்டில் பல நேரம் ஆண்டே இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படங்களில் பல அஞ்சலட்டையாகவே அச்சிடப்பட்டவை. கோடாக் நிறுவனம் 1903இல் அஞ்சலட்டை அளவுக்குப் படமெடுக்கும் மடக்குக் கேமராவைக் கொண்டுவந்தது. முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுத 1907 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. ஆகவே செய்தியையும் முகவரியையும் பிரிக்கும் கோடு பின்புறம் நடுவில் இருந்தால் அந்த அட்டை பெரும்பாலும் 1907க்குப் பிந்தையது. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் ஏஇசட்ஓ (AZO, ஒரு புகைப்படத் தாளின் பெயர்) என்ற எழுத்துகளோடு நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் ஏறத்தாழ 1918க்கு முந்தைய தாள். இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் அதற்குப் பிந்தையது.

போவதற்கு முன் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பை ஒரு மாலை பாருங்கள். வேலையும் வருமானமும் இல்லாமல் மக்கள் தவித்த பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935 முதல், அரசே புகைப்படக்காரர்களை ஊர் ஊராக அனுப்பி எடுத்த ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் அங்கே இருக்கின்றன. அந்தப் பணியை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கர், சமூகவியலாளர் ராபர்ட் லிண்டுடன் 1936இல் பேசிய பிறகு, சிற்றூரில் மக்கள் எங்கே கூடுகிறார்கள், மாலைப் பொழுதை வீட்டில் எப்படிக் கழிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தார். புதிதாக வந்த நமக்கும் அவைதானே கேள்விகள்! அந்தப் புகைப்படக்காரர்களில் ஒருவரான ரஸ்ஸல் லீ 1940இல் நியூ மெக்சிகோவின் பை டவுனில் எடுத்த படங்களில் கூட்டுப் பாட்டும் நடனமும் ஊர்ச் சாப்பாடும் நிறைந்திருக்கின்றன. வறட்சியில் டெக்சஸ், ஓக்லஹோமாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர் குடியேறிய ஊர் அது. உங்கள் அயோவாவிலும், ஸ்மித்லேண்ட் அருகே, 1936 கிறிஸ்துமஸ் அன்று அவர் எடுத்த படம் ஒன்று உண்டு: நான்கு குழந்தைகள் மேசையைச் சுற்றி நின்றபடியே சாப்பிடுகிறார்கள், உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ‘பை’ (pie) என்ற பண்டமும்தான் அன்றைய விருந்து என்று குறிப்பு சொல்கிறது. சுவரில் சிரிக்கும் முகங்களை மட்டும் பார்த்து, இவர்கள் கஷ்டமே அறியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

படத்தில் யார் இல்லை என்பதையும் கவனியுங்கள். சூரியன் மறைந்தபின் கறுப்பின மக்கள் தங்கக் கூடாது என்று வைத்திருந்த ஊர்கள் இந்நாட்டில் பல. நம்மவர்கள் முகம் காணாமைக்கும் சட்டமே பெருங்காரணம்: 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரின் வருகையைத் தடுத்தது, 1923இல் உச்ச நீதிமன்றம் இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்றது, 1946இல் ஆண்டுக்கு 100 பேர் என்று சிறு கதவு திறந்தது, 1965க்குப் பிறகுதான் வழி அகன்றது. இதைக் கூட்டத்தில் முதல் நாளே பேச வேண்டியதில்லை; ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது.

எங்கள் ஊரில் முதன்முதலாக நாங்கள் பொங்கல் வைத்தது 2006இல், அதே தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில். அன்று எடுத்த படத்தைச் சங்கத்துக்குத் தர முடியுமா என்று அந்த அம்மையாரே கேட்டு வாங்கினார். பேனா மை நாளடைவில் ஊறி முன்பக்கம் தெரியும் என்று மென்மையான பென்சில் ஒன்றையும் கையில் கொடுத்தார். படத்தைக் கவிழ்த்து வைத்து, எட்டுப் பேரின் பெயரையும் இடமிருந்து வலமாக எழுதிக் கொடுத்தேன்.