கம்ப்யூட்டர் சொன்ன 40 சதவீதம்

கேள்வி: தஞ்சாவூரில் 1987-இல் மாமனார் கட்டிய வீடு. மாடியில் இரண்டு ஏ.சி. வீட்டைப் புதுப்பிக்க ஒரு பொறியாளரைக் கூப்பிட்டோம். அவர் வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் வருடத்துக்கு 40 சதவீதம் கரண்ட் மிச்சம் என்கிறார். நம்பிச் செலவழிக்கலாமா சார்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கடிதத்தோடு ஈ.பி. கணக்கையும் அனுப்பினீர்களே அம்மா, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

உங்கள் ஆறு கணக்குகளில் டிசம்பர்-ஜனவரிதான் குறைவு, 290 யூனிட். ஏ.சி. போடாத நாட்கள். ஃப்ரிட்ஜ், மோட்டார், ஃபேன், விளக்கு எல்லாம் சேர்ந்து அவ்வளவு. ஆறு தடவைக்கு 1,740. வருட மொத்தம் 2,430. ஆக, வெயிலுக்காக நீங்கள் கூடுதலாகச் செலவழித்தது சுமார் 690 யூனிட், 28 சதவீதம். இரண்டு ஏ.சி.யையும் கழற்றி விற்றாலே அதற்கு மேல் பெரிதாகக் குறையாது. கண்ணாடி எங்கிருந்து 40 குறைக்கும்?

மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். கட்டடத்தின் கரண்ட் செலவைக் கணக்குப் போடும் எனர்ஜிபிளஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, நானும் அதில்தான் கணக்குப் போடுகிறேன். கட்டாத வீட்டுக்கு ஊகத்தை விட்டால் வழியில்லை. உங்கள் வீட்டுக்கு மீட்டர் இருக்கிறதே! 'முதலில் வீட்டை இப்போது இருக்கிறபடியே கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள், இந்த ஆறு கணக்கும் வருகிறதா பார்ப்போம்' என்று அவரிடம் கேளுங்கள். அமெரிக்காவின் ஏ.சி. பொறியாளர்கள் சங்கமான ஆஷ்ரே இதற்கென்றே ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது, எண் 14. மாத பில்லோடு ஒப்பிட்டால் மொத்த வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அது பொருந்தாமல் கண்ணாடிப் பேச்சே வேண்டாம்.

எங்கே தப்பியிருக்கும்? ஏ.சி. நாள் முழுக்க ஓடுவதாகப் போட்டிருப்பார் என்பது என் சந்தேகம். நீங்களோ ராத்திரி 10 மணிக்குப் போட்டு 4 மணிக்கு அணைக்கிறவர்கள். மொட்டைமாடித் தட்டோட்டையும், அதற்கடியில் இருக்கும் செங்கல் ஜல்லி சுண்ணாம்பையும் சேர்த்தாரா என்றும் கேளுங்கள்.

நானே ஒரு வீட்டில் அசடு வழிந்திருக்கிறேன். என் கணக்கில் மே மாதம் வராமல் அடம் பிடித்தது. நேரில் போனால், ஏ.சி. அறை வென்டிலேட்டரில் பழைய காலண்டர் அட்டை செருகியிருக்கிறது. பக்கத்தில் ஊதுவத்தியைப் பிடித்தேன், புகை நேரே வெளியே போயிற்று. அந்த ஓட்டையைக் கணக்கில் சேர்த்த பிறகுதான் மே வழிக்கு வந்தது.

குளிர்கால 290-லும் கை வைக்கலாம். 75 வாட் ஃபேன் மூன்றை மாற்றி கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால், தினம் 10 மணி நேர ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 81 யூனிட் மிச்சம். இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி, ஏ.சி. போடுவதற்கு முன், ஏணியில் ஏறி மாடி அறைக் கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் முதல் செலவு மொட்டைமாடிக்கு, வெள்ளை ஓடோ வெள்ளைப் பூச்சோ. ஜன்னலை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.