அல்சாஸ் அருங்காட்சியகங்கள்: நீங்கள் கேட்டவை

நான் கிழக்கு பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ஸ்த்ராஸ்பூரில் குடியிருப்பவள். ஊர் பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு வழிகாட்டியே பாதி வார இறுதிகள் போய்விட்டன. அல்சாஸ் வரப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாரிஸிலிருந்து வருகிறோம், இரண்டே நாள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஸ்த்ராஸ்பூர் வந்துவிடலாம். இரண்டு இரவும் இங்கேயே தங்குங்கள். முதல் நாள் பேராலயமும் அதைச் சுற்றிய பழைய நகரமும். மறுநாள் கொல்மார், உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம்தான். முலூஸ் அடுத்த முறைக்கு இருக்கட்டும். ஆனால் வீட்டில் கார் பைத்தியம் யாராவது இருந்தால் இந்தத் திட்டம் செல்லாது, அதைக் கீழே சொல்கிறேன்.

கொல்மாருக்கு ஒரே ஒரு ஓவியத்துக்காகப் போகச் சொல்கிறார்கள். படத்தில் பார்த்தேன், கோரமாக இருக்கிறது. அவசியம் போகத்தான் வேண்டுமா அக்கா?

போகத்தான் வேண்டும். அது ஏன் கோரமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் வேறு மாதிரி தெரியும்.

நீங்கள் சொல்வது உந்தெர்லிண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இசென்ஹைம் பலிபீட ஓவியம். 1512க்கும் 1516க்கும் இடையில் க்ரூனெவால்ட் வரைந்தது. நடுவில் உள்ள மரச் சிற்பங்கள் ஹாகெனோ ஊர் நிக்லாஸ் செதுக்கியவை. கொல்மாருக்குத் தெற்கே, இசென்ஹைம் கிராமத்து அந்தோணியார் சபை மடத்துக்காகச் செய்யப்பட்டது. அந்த மடத்துத் துறவிகளின் வேலை வைத்தியம். அந்தோணியார் நெருப்பு என்ற நோய் கண்டவர்களை அங்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள். உடம்பெல்லாம் எரியும், கை கால் கறுத்து அழுகும், கடைசியில் வெட்டி எடுக்க வேண்டிவரும். ரை தானியக் கதிரில் பிடிக்கும் எர்காட் பூஞ்சை மாவில் கலந்து ரொட்டி வழியாக உள்ளே போனதுதான் காரணம். நம் ஊரில் கம்பு பயிரிட்டவர்களுக்கு இந்தக் குடும்பத்துப் பூஞ்சை புதிதல்ல. கதிரில் தேன் ஒழுகல் நோய் என்பது இதன் பங்காளிதான். விதையை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை அள்ளிக் கொட்டுவது அதற்காகத்தான்.

இப்போது ஓவியத்தின் முன்னால் நில்லுங்கள். சிலுவையில் இருக்கும் இயேசுவின் தோல் பச்சை பாரித்து, உடம்பு முழுக்க முட்கள் குத்திக் கிடக்கும், விரல்கள் விறைத்து விரிந்திருக்கும். நோயாளிகளை முதலில் இதன் எதிரே கொண்டுவந்து நிறுத்துவார்களாம். தன்னைப் போலவே புண்பட்ட ஒரு கடவுளைப் பார்த்திருப்பான் அந்த மனிதன். அந்தோணியாரைப் பேய்கள் படுத்தும் பலகையில் இடது கீழ் மூலையைத் தேடுங்கள். வயிறு ஊதி, உடம்பெல்லாம் கொப்புளமாக ஒரு உருவம் சாய்ந்து கிடக்கும். அதற்கு இணையான பலகையில் இரண்டு முனிவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் காலடியில் செடிகள். அவை வைத்தியத்துக்கு உதவிய மூலிகைகள். நோயும் மருந்தும் ஒரே பீடத்தில்.

இது கதவு கதவாகத் திறக்கும் அமைப்பு. சாதாரண நாளில் சிலுவைக் காட்சி மட்டும் தெரியும், திருநாட்களில் திறந்தால் உள்ளே உயிர்த்தெழுதல், மஞ்சளும் சிவப்புமாக ஒரே ஒளி. இன்று பலகைகளைப் பிரித்து வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், எல்லாப் பக்கமும் சுற்றிவந்து பார்க்கலாம். சுவரில் உள்ள சின்ன மாதிரியை ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள், இல்லையென்றால் எது எதன் பின்னால் என்று குழம்பும். 2022 வரை நான்கு ஆண்டு நடந்த சீரமைப்பில் பழைய வார்னிஷை எடுத்துவிட்டார்கள், அதனால் பழைய புத்தகங்களில் பார்த்ததைவிட நிறம் பளிச்சென்று இருக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் என் அம்மாவைக் கூட்டிப்போனபோது அவர் செருப்புக் காலோடு நிற்க மனமில்லாமல் கொஞ்சம் தவித்தார், அப்புறம் மூலிகைகளுக்குப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஸ்த்ராஸ்பூர் வானியல் கடிகாரத்தை எத்தனை மணிக்குப் பார்ப்பது?

கடிகாரம் பேராலயத்துக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டியது மதியம் 12:30க்கு. பழைய உள்ளூர்க் கணக்கில் அது நண்பகல். அப்போது பன்னிரண்டு சீடர்களும் இயேசுவின் முன்னால் வரிசையாக நகர்வார்கள், மேலே சேவல் மூன்று முறை கூவும். அதற்குக் கட்டணம் உண்டு, முன்கூட்டியே போய்விடுங்கள். இப்போதுள்ளது ஷ்வில்கே 1842இல் முடித்த மூன்றாவது கடிகாரம். ஆண்டுதோறும் தேதி மாறும் ஈஸ்டர் பண்டிகையைச் சக்கரங்களாலேயே கணக்கிடுகிறது, எனக்கு ஊர்வலத்தைவிட அதுதான் அதிசயம்.

கால் ஒத்துழைத்தால் 332 படி ஏறி 66 மீட்டர் உயர மேடைக்கும் போகலாம். பேராலயக் கோபுரம் மொத்தம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான்.

ஏழு வயதுப் பையன். அருங்காட்சியகம் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

முலூஸ் கார் அருங்காட்சியகம். ஷ்லும்ப்ஃப் சகோதரர்கள் இருவர், நூற்பாலை முதலாளிகள். ஊருக்குத் தெரியாமல் ஒரு பழைய ஆலைக்குள் நூற்றுக்கணக்கான கார்களைச் சேர்த்தார்கள். ஆலைகள் நொடித்து, 1977இல் தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சம்பளம் கேட்டுப் போனவர்கள் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள்! 1982இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். புகாட்டி ரொயால் கார்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றில் இரண்டு இங்கே. புகாட்டி பிறந்த மோல்ஸைமும் அல்சாஸில்தான்.

வெளிக்காற்று வேண்டுமென்றால் உங்கெர்ஸைம் எக்கோமியூசே. இடிபடவிருந்த மரச்சட்ட வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, ஒரு கிராமமாகவே நிறுத்தியிருக்கிறார்கள். கூரை மேல் நாரைகள். ஆண்டு முழுவதும் திறந்திருக்காது, தேதி பார்த்துப் போங்கள்.

நாங்கள் புதுச்சேரிப் பக்கம், தாத்தா காலம் வரை சாயத் தொழில். முலூஸ் துணிக்கும் நம் ஊருக்கும் தொடர்பு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிகள் பிரான்சில் அவ்வளவு விலைபோயின. துவைத்தாலும் போகாத நிறம் அங்கே யாருக்கும் கைவரவில்லை. சாயவேரும் படிகாரமும் சேரும் சூட்சுமத்தை உங்கள் தாத்தாவிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவு படுத்துவிடும் என்று அரசு 1686இல் இந்தத் துணிகளைத் தடை செய்தது. 1759 வரை தடை. முலூஸ் அப்போது பிரான்சின் கீழ் இல்லை, சுவிஸ் கூட்டாளியான தனிக் குடியரசு. 1746இல் மூவர் சேர்ந்து அங்கே அச்சுத்துணிப் பட்டறை தொடங்கினார்கள். அந்தத் துணிக்குப் பெயரே ‘அந்தியென்’, அதாவது இந்தியத் துணி. ஊர் 1798இல்தான் பிரான்சோடு சேர்ந்தது. எம்பிராய்டரி செய்பவர்கள் டிஎம்சி நூல் வாங்கியிருப்பீர்கள், அதில் ‘டி’யும் ‘எம்’மும் குறிக்கும் டொல்ஃபுஸ்-மியெக் குடும்பத்தின் வேர் இந்தப் பட்டறையில்தான்.

முலூஸில் அச்சுத்துணிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் உண்டு, திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். தூர் பள்ளத்தாக்கில் வெஸர்லிங் பூங்காவும் இதே கதைதான், பழைய ஆலை வளாகத்துக்குள் துணி அருங்காட்சியகம்.

ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை நிஜமாகவே பழையதா?

அடித்தளம் பழையது. நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி, அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்தபோது இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் 1900 முதல் 1908 வரை எழுப்பியது. அழகாக இருக்கும், ஆனால் ஒரு பேரரசரின் கற்பனை என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்த்ருதோஃப் முகாமுக்குப் பிள்ளைகளோடு போகலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். இன்றைய பிரெஞ்சு மண்ணில் நாஜிகள் நடத்திய ஒரே வதைமுகாம் அது, 1941இல் திறந்தது. கிளை முகாம்களையும் சேர்த்து ஏறத்தாழ 52,000 பேர் அடைபட்டார்கள், சுமார் 17,000 பேர் இறந்தார்கள். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் இடம், கோடையிலும் குளிர்காற்று வீசும். அன்றைக்கு வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

விடுமுறை நாள், டிக்கெட்?

பெரும்பாலும் திங்கள் அல்லது செவ்வாய் மூடல், இடத்துக்கு இடம் மாறும். பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவைத் தொட்டுவிட்டு வந்த அனுபவம் எனக்கே உண்டு. புனித வெள்ளி அல்சாஸில் விடுமுறை, பாரிஸில் இல்லை, அதை மறந்துவிடுவீர்கள். ஸ்த்ராஸ்பூர் நகர அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பொருள்?

ரோஹான் அரண்மனையில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு இரும்புச் சேவல். 1350களில் பேராலயத்துக்குச் செய்த முதல் வானியல் கடிகாரத்தின் உச்சியில் இருந்தது. சிறகடித்து, அலகைத் திறந்து கூவுமாம். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள், துருவேறி, அலகு கொஞ்சம் திறந்தபடி நிற்கிறது. கூட்டம் எல்லாம் பேராலயத்துக்குள் இருக்கும், அதனால் அநேகமாக அந்த அறையில் நீங்களும் சேவலும் மட்டும்தான்.