வாசகர் கேள்வி பதில்: செம்பனைக்கு கார்பன் காசு கிடைக்குமா?

சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயா பக்கமிருந்து இந்த மாதம் ஒரே விஷயத்தைப் பற்றி நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் சமையல், ஜாதகக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற சில பேர் சேர்ந்து வாங்கிய 40 ஏக்கர் செம்பனை எங்களுக்கு இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து, மரங்கள் கரியமில வாயுவை இழுக்கின்றன, அதற்கு கார்பன் கிரெடிட் வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணத்தை மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள் என்கிறார். கட்டலாமா?
*(ஓய்வு பெற்ற மண்டோர், பெஸ்தாரி ஜெயா)*

கட்டாதீர்கள் ஐயா. முன்பணம் கேட்கிறார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அவர் சொல்லும் கணக்கே நிற்காது. ஒரு டன் கரியமில வாயு காற்றில் சேராமல் தடுத்தாலோ, காற்றிலிருந்து எடுத்தாலோ அதற்குக் கொடுக்கும் சான்றுதான் ஒரு கார்பன் கிரெடிட். அதை வாங்குகிற கம்பெனி முதலில் கேட்பது, என் பணம் வராவிட்டாலும் இது நடந்திருக்குமா என்பதைத்தான். உங்கள் செம்பனை பல வருடமாக நிற்கிறது, குலை வெட்டி ஆலைக்குப் போகிறது, யார் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அங்கேதான் நிற்கப் போகிறது. புதிதாக எதுவும் நடக்கவில்லை, அதனால் கிரெடிட்டும் இல்லை. அப்புறம், செம்பனையை 25 வருட வாக்கில் சாய்த்து மறுநடவு செய்கிறோம் அல்லவா, அப்போது அந்த மரத்தில் இருந்த கார்பன் மக்கி மறுபடி காற்றுக்கே போய்விடும்.

செலவையும் பாருங்கள். 40 ஏக்கர் என்பது சுமார் 16 ஹெக்டர். வெர்ரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் மாதிரி ஒரு பதிவகத்தில் பதிய வேண்டும், வெளியிலிருந்து தணிக்கையாளர் வந்து சரிபார்க்க வேண்டும், சில வருடத்துக்கு ஒரு தடவை திரும்பவும் வர வேண்டும். அந்தச் செலவை இவ்வளவு சின்ன நிலம் தாங்காது. அந்த ஆள் மறுபடி வந்தால், அவர் இதுவரை பதிவு செய்து முடித்த ஒரு திட்டத்தின் எண்ணைக் கேளுங்கள். வெர்ராவின் பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது, உங்கள் பேரப்பிள்ளையே தேடிப் பார்த்துச் சொல்லிவிடும்.

கேள்வி: அப்படியென்றால் நம்ம ஊர்ப் பக்கம் கார்பன் கிரெடிட் திட்டத்துக்கு வழியே இல்லையா? மன்றத்தில் ஏதாவது தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.
*(இளைஞர் மன்றச் செயலாளர், ஈஜோக்)*

இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது. மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது, கீழே மண்ணையும் தண்ணீரையும் பாருங்கள்.

முதலில் ஆலை. செம்பனை எண்ணெய் ஒரு டன் எடுத்தால் இரண்டரை மடங்குக்கும் மேல் கழிவுநீர் வருகிறது. பழுப்பு நிறத்தில் சூடாக வரும் அந்தத் தண்ணீரைத் திறந்த குட்டைகளில் விடுவார்கள். குட்டை ஓரத்தில் நின்றால் கொப்புளம் கொப்புளமாக வாயு வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதில் பெரும்பகுதி மீத்தேன். நூறு வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். குட்டையின் மேல் கறுப்புத் தாளைப் போர்த்தி அந்த வாயுவைப் பிடித்து, எரித்தோ மின்சாரமாக்கியோ கிரெடிட் வாங்கிய ஆலைகள் நம் நாட்டில் கியோட்டோ என்ற உலகக் காலநிலை ஒப்பந்தக் காலத்திலேயே இருந்தன. ஆனால் 2014 ஜனவரியிலிருந்து புதிய ஆலைகளும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளும் வாயுவைப் பிடித்தே ஆக வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்துவிட்டது. சட்டப்படி செய்தே தீர வேண்டியதற்குக் கிரெடிட் கேட்க முடியாது. ஆகவே உங்கள் பக்கத்து ஆலை பழைய ஆலையா, அதற்கு அந்த விதி பொருந்துமா என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது காம்புட் என்று மலாயில் சொல்லும் சதுப்பு மண், எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. வட சிலாங்கூர் சதுப்புக் காடு நம் வாசற்படியில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் தண்ணீருக்குள் கிடந்த இலையும் வேரும் கட்டையும்தான் அந்தக் கறுப்பு மண். அதில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கும். வடித்த காம்புட்டில் செம்பனை போட்டால் ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டன் கரியமில வாயு மண்ணிலிருந்தே வெளியேறுகிறது என்பது ஐ.நா. காலநிலைக் குழுவின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டுக் கணக்கு. வெயில் காலத்தில் தீப்பிடித்தால் அது தனி. மண்ணுக்கு அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும், மேலே தண்ணீர் அடித்தாலும் அணையாது, ஆஸ்துமா பிள்ளைகள் வைத்திருக்கும் தாய்மாருக்கு அந்த வாரங்கள் எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தச் சதுப்புக் காட்டைச் சேர்ந்த ராஜா மூசா வனப்பகுதியில் முன்பு மரம் இழுக்க வெட்டிய கால்வாய்களை 2008 வாக்கிலிருந்து அடைத்து வருகிறார்கள். வனத்துறையோடு உலகச் சுற்றுச்சூழல் மையமும் சுற்றியுள்ள ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. கட்டைகளைக் குறுக்கே அடித்து, நடுவில் மண் மூட்டை போட்டு நிரப்பினால் தேநீர் நிறத் தண்ணீர் மெல்ல ஏறி நிற்கும், மண் ஈரமாகிவிடும், மாஹாங் மரக் கன்றுகளும் பிடித்துக்கொள்ளும். அது கிரெடிட்டுக்காகத் தொடங்கிய வேலை என்று சொல்ல வரவில்லை. ஆனால் திட்டம் என்று ஒன்று போட்டால் அளக்க வேண்டியது இதைத்தான். ஓட்டை போட்ட பிவிசி குழாயை மண்ணில் இறக்கி, உள்ளே நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று வாராவாரம் அளவுகோலை விட்டுப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வேண்டாம், சம்பளத்தோடு உங்கள் மன்றப் பிள்ளைகளே செய்யலாம். இன்றைக்கே, எதுவும் அடைப்பதற்கு முன்னால், அளக்கத் தொடங்குங்கள். முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால் பிறகு எவ்வளவு குறைந்தது என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: காட்டுக் கிரெடிட்டுகளில் பெரும்பாலானவை போலி என்று செய்தியில் படித்தேன். மாணவர்களுக்கு இதை நல்ல விஷயம் என்று சொல்லிக்கொடுக்கலாமா?
*(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோலசிலாங்கூர்)*

நீங்கள் படித்தது 2023 ஜனவரியில் கார்டியன் பத்திரிகையும் இரண்டு ஊடகங்களும் சேர்ந்து வெளியிட்ட விசாரணையாக இருக்கும். வெர்ரா சான்றளித்த மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்றார்கள், வெர்ரா அதை மறுத்தது. குறை எங்கே என்றால், யாரும் வெட்டப் போகாத காட்டை, நாளைக்கே வெட்டிவிடுவார்கள் என்று காகிதத்தில் மிகைப்படுத்திக் காட்டிவிட்டு, வெட்டவில்லை என்று காசு வாங்குவது.

நம் நாட்டில் பங்குச் சந்தையான பர்சா மலேசியா 2022 டிசம்பரில் கார்பன் சந்தையைத் தொடங்கியது. 2023 மார்ச்சில் நடந்த முதல் ஏலத்தில் சீனாவின் பயோகேஸ் திட்டக் கிரெடிட் 18.50 ரிங்கிட்டுக்கும், கம்போடியாவின் தெற்குக் கார்டமம் காட்டுக் கிரெடிட் 68 ரிங்கிட்டுக்கும் போனது. மூன்று மாதத்தில் அந்தக் கம்போடியத் திட்டத்துக்குப் புதுக் கிரெடிட் கொடுப்பதை வெர்ரா நிறுத்தி விசாரித்தது, அங்கே வாழும் பூர்வகுடி மக்களின் உரிமையை மீறினார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் குற்றம் சாட்டியது, 2024 செப்டம்பரில் மறுபடி அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் சபாவின் குவாமுட் காட்டுக் கிரெடிட் 50 ரிங்கிட்டுக்கு ஏலம் போனது. 83,000 ஹெக்டருக்கு மேல் உள்ள அந்தக் காட்டில் மரம் வெட்ட முன்பு அனுமதி இருந்தது, இப்போது பாதுகாப்பு வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இப்படி நிஜமாகவே ஒரு முடிவு மாறியிருந்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது.

சொல்லிக்கொடுங்கள் டீச்சர், ஆனால் இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். விலையை நம்ப முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கியோட்டோ கிரெடிட்டுகளின் விலை 2012 கடைசியில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது, அதை நம்பிக் கடன் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நாலு மாமரம் நட்டால் கிரெடிட் உண்டா?
*(வாசகி, பெஸ்தாரி ஜெயா)*

இல்லை அம்மா. நிழலும் மாங்காயும் உண்டு, கட்டாயம் நடுங்கள்.

கேள்வி: காடு அரசாங்கத்தினுடையது, தோட்டம் கம்பெனியினுடையது, புகை மட்டும்தான் எங்களுக்கு. இப்படி ஒரு திட்டம் வந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?
*(பழைய லயத்தில் குடியிருக்கும் வாசகர், பெஸ்தாரி ஜெயா)*

இந்த மாதம் வந்த கேள்விகளில் இதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. நிலமும் காடும் அரசியலமைப்புப்படி மாநில அதிகாரத்தில் இருப்பவை, அதனால் காட்டுக் கிரெடிட்டுக்கு மாநில அரசாங்கம்தான் முதலில் கை நீட்டும், தோட்ட நிலத்தில் வந்தால் கம்பெனி. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் லயத்துக்காரருக்கும் காட்டு ஓரத்து ஒராங் அஸ்லி பூர்வகுடி மக்களுக்கும் ஒரு காசு வராது. வேலி போட்டு, மீன் பிடிக்கப் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் அதை நான் ஏற்க மாட்டேன்.

தனித்தனியாகக் கேட்டால் எடுபடாது, சேர்ந்து கேளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். நம்மவர்களுக்குத் தெரியாத வழி இல்லை இது. மேலே எழுதிய 40 ஏக்கர்காரரும் ஈஜோக் மன்றமும் நீங்களும் ஒரே சங்கமாக உட்கார்ந்தால் பேசுவதற்கு ஒரு பலம் இருக்கும்.

கேட்க வேண்டியவை இவை: கிரெடிட் விற்ற பணத்தில் ஊருக்கு எத்தனை விழுக்காடு, அது யார் கணக்கில் போகும், விலை விழுந்தாலும் நீர்மட்டம் அளப்பவருக்கும் தீக்காவலருக்கும் மாதச் சம்பளம் உண்டா, காட்டுக்குள் போய்வரும் பழைய உரிமை என்ன ஆகும், கால்வாய்த் தடுப்பு உடைந்து குடியிருப்புக்குள் தண்ணீர் வந்தால் யார் பொறுப்பு. பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் கூட்டத்தில் வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அது முடியும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.